நாந்தான் மேடு

ஆடும் மாடும் பேசின காலம் இல்ல இது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மேற்க மலை தெரியிற வறண்ட காட்டுக்குள்ள சுள்ளியூரணின்னு ஒரு ஊரு. மழை பேஞ்சா கம்பு, பேயாட்டி அதுவும் இல்ல. அந்த ஊருக்கு இருட்டைக் கண்டா பயம். பேய் வரும், பிசாசு வரும்னு இல்ல. இருட்டுனா ஊர்ல ஒரு ஆம்பள இருக்க மாட்டான், அதான்.

ஏன் இருக்க மாட்டான்? சட்டம். ரேகைச் சட்டம்னு ஒண்ணு. அந்த ஊருக்காரக குலத்துல பிறந்தவன் களவாங்கினாலும் களவாணி, களவாங்காட்டியும் களவாணின்னு சர்க்கார் எழுதி வச்சிருச்சாம். மீசை அரும்பினா கூப்பிடுவாக. இடது கைப் பெருவிரல்ல மையைத் தடவுவாக. ரெஜிஸ்தர்ல ஒரு அழுத்து. அம்புட்டுத்தான். அன்னையிலிருந்து அவன் பொழுது சாயுமுன்ன நடந்துபோயி நெடுங்கம்பட்டி போலீசு டேசன் வாசல் முத்தத்துல படுக்கணும். விடிஞ்சதும் பேரைக் கூப்பிடுவாக. "ஆஜர் ஐயா"ன்னு சொல்லிட்டு வரணும். கல்யாணம் ஆன அன்னைக்கும் அங்கதான். அப்பன் செத்துக் கிடந்தாலும் அங்கதான். போகாட்டி ஜெயிலு.

அதனால அந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு விரல் ரேகைன்னாலே குலை நடுங்குமாம். வீடு மெழுகினா கைத்தடம் தெரியாம ஓலையை வச்சு நீவி விடுவாக. வறட்டி தட்டினா விரல் பதிஞ்ச இடத்தை ஈரத்துணி வச்சு அழிப்பாக. தூங்குற பிள்ளை கையை விரிச்சுக் கிடந்தா பெருவிரலை உள்ள மடக்கி மூடி விடுவாக. எவனோ ஒருத்தன் எங்கயோ இருந்து பாத்துக்கிட்டே இருக்கான்ங்கிற பயம்.

அந்த ஊர்லதான் ஒய்யம்மா இருந்தா. வீரணன் பொண்டாட்டி. அவளுக்கு மூத்தது ஒரு பொம்பளப் பிள்ளை. ஒரு ராத்திரி கூரையிலிருந்து பாம்பு விழுந்து அதைத் தீண்டிருச்சு. ஆம்பளை ஒருத்தன் இருந்தா தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடிருப்பான். ஒய்யம்மா அப்ப நிறைசூலி. வயித்துல ஒண்ணு, தோள்ல ஒண்ணு. ஓடினா, விழுந்தா, எந்திரிச்சு ஓடினா. ஓடையைத் தாண்டுறதுக்குள்ள தோள்ல கிடந்த தலை சாஞ்சிருச்சு. காலையில வீரணன் ஆஜர் சொல்லிட்டு வந்து பாக்குறான், வாசல்ல கூட்டம்.

வயித்துல இருந்தது பிறந்து ஆம்பளப் பிள்ளையாச்சு. குருந்தன்னு பேரு வச்சாக. ஊரே சந்தோசப்பட்டுச்சு. ஒய்யம்மா மட்டும் பிள்ளை கையை எடுத்து, பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தாளாம். இவனும் ஒருநாள் போயி அந்த முத்தத்துல படுப்பான். இவன் பிள்ளையையும் ஒருநாள் பாம்பு தீண்டும். அவளுக்கு அதுவே நினைப்பு.

தாசில்தாரு இருக்கிற தாலுகா கச்சேரி புளியமரத்தடியில மனு எழுதிப் பிழைச்சவர் ஒருத்தர், அய்யாவுன்னு பேரு. சந்தைக்கு வந்த சாக்குல ஒய்யம்மாவும் அவ மதினி அங்கம்மாவும் அவருகிட்டப் போனாகளாம்.

"ஐயா, எங்க ஆம்பளைகளை ராத்திரிக்கு வீட்டுல விடச் சொல்லி ஒரு மனு எழுதணும்."

"யாருக்குத்தா எழுத? இன்ஸ்பெட்டருக்கு எழுதினா அவரு அடிப்பாரு. தாசில்தாருக்கு எழுதினா அவரு இன்ஸ்பெட்டருக்கு அனுப்புவாரு. கலெக்டருக்கு எழுதினா அவரு தாசில்தாருக்கு அனுப்புவாரு. எங்க சுத்தினாலும் அடிக்கிறது அதே கைதான்."

"அவுகளுக்கு மேல ஆளே இல்லையா?"

அய்யாவு கண்ணாடியைக் கழட்டி வேட்டியில துடைச்சாராம். "இருக்கு. பட்டணத்துல ஒரு சபை இருக்கு. சட்டமே அங்கதான் பிறக்குது. குடிபடைக அங்க மனுப்போடலாம்னு விதி இருக்கு. ஆனா நேராப் போயி நீட்ட முடியாது. மெம்பர் ஒருத்தர் எந்திரிச்சு நின்னு கொடுக்கணும். மரியாதையா எழுதணும், ஒரு கோபச்சொல்லு இருந்தாலும் தள்ளிருவாக. கடைசியில இன்னது வேணும்னு ஒரு பிரார்த்தனை இருக்கணும். அந்தப் பிரார்த்தனை எழுதின தாள்லயே அவனவன் பேரும் கையெழுத்தும் இருக்கணும். தனித்தாள்ல வாங்கி ஒட்டினா செல்லாது. கையெழுத்துத் தெரியாட்டி..."

தன் மைப்பெட்டியைப் பாத்தாராம்.

"தெரியாட்டி?"

"பெருவிரல் ரேகை."

அங்கம்மா எந்திரிச்சுட்டா. "வாடி போவோம். பாம்பு கடிச்சதுக்கு மருந்து கேட்டா இந்த மனுசன் இன்னொரு பாம்பைக் காட்டுறாரு."

ஊருக்கு வந்து பொம்பளைக எல்லாம் ஊரணிக் கரையில கூடினாக. ஆம்பளைக வைக்க முடியாது. அவுக ரேகை டேசன்ல இருக்கு, எவன் வச்சான்னு மறுநாளே தெரிஞ்சிரும். பொம்பளைக வைக்கலாம்னா, ரேகை போன இடத்துக்கு ஆளும் போகணுமேன்னு பயம். இதுவரைக்கும் பொம்பளையை எழுதல. நாமளே கொண்டுபோயிக் கொடுத்தா எழுதிக்கிட மாட்டானா? நாமளும் அந்த முத்தத்துக்குப் போயிட்டா பிள்ளைக்கு யாரு?

அப்ப ஒய்யம்மா சொன்னாளாம். மடியில குருந்தன் பால் குடிச்சுக்கிட்டு இருக்கான். குனிஞ்சு அவனைப் பாத்துக்கிட்டே சொன்னாளாம்.

"பச்சப்பிள்ளையைக் களவாணின்னு பிடிக்க முடியுமா?"

"முடியாது."

"இதுக ரேகை டேசன்ல இருக்கா?"

"இல்ல."

"பிறகென்ன? இதுக விரலை வைப்போம். பேரும் இதுக பேருதான். வீட்டுல ஆம்பளை இல்லாமச் சாகப்போறது இதுகதான. இதுகளே மனுக் கொடுக்கட்டும்."

முதல்ல அங்கம்மாதான் சிரிச்சா. "என் மகனை ஜெயில்ல போட்டா பால் கொடுக்க நானும் போகணும். போறேன். அங்கயாவது ரெண்டு வேளை களி கிடைக்கும்." எல்லாரும் சிரிச்சாக. பயந்தவுக சிரிச்சா ரொம்பச் சத்தமா இருக்கும். அப்படிச் சிரிச்சாகளாம்.

ஆம்பளைககிட்ட மூச்சு விடாம, அடுத்த சந்தைக்கு இடுப்புல பிள்ளையோட போனாக. அய்யாவு மனுவை எழுதினாரு. பிள்ளைக பேரை வரிசையா எழுதினாரு. மைப்பெட்டியைத் திறந்து வச்சாரு. பிள்ளைக விரலைப் பாத்தாரு, தாய்மாரு முகத்தைப் பாத்தாரு. அவருக்கு விளங்கிருச்சு.

"எழுதினது என் கை. வைக்கிறது உங்க கை. நான் அங்கிட்டுத் திரும்பி வெத்தலை போடப்போறேன். நான் ஒண்ணும் பாக்கல."

குருந்தன் மை விரலை வாயில வைக்கப் போனானாம். ஒய்யம்மா இழுத்துப் பிடிச்சு, தாள்ல ஒத்தி எடுத்தா. புளியங்கொட்டை அளவு ஒரு கறுப்பு. அவ்வளவுதான். அவன் விரல்ல இருந்த மையை எச்சி தொட்டுத் துடைச்சுத் துடைச்சு விட்டாளாம்.

அய்யாவு தபால்ல ஒரு மெம்பருக்கு அனுப்ப, மனு பட்டணம் போச்சு. சபையில என்ன நடந்துச்சுன்னு அய்யாவு பிறகு கேட்டு வந்து சொன்னாரு. மெம்பர் எந்திரிச்சாராம். சுள்ளியூரணிக் குடிகள் கொடுத்த மனுன்னாராம். சபைத் தலைவர் தலையை ஆட்டினாராம். மேசையில வச்சாகளாம். அடுத்த வேலைக்குப் போயிட்டாகளாம்.

"மேசையில வச்சா நல்லதா ஐயா?" ஒய்யம்மா கேட்டா.

"வைக்காம இருக்கிறதுக்கு நல்லது."

"வச்சதைப் படிப்பாகளா?"

"பிரார்த்தனையை மட்டும் படிப்பாக. மத்ததைப் படிக்க அவுகளுக்கு நேரமில்ல."

"படிச்சுட்டு?"

"திரும்ப மேசையில வைப்பாக."

"அது என்னய்யா மேசை, காவு வாங்குற பீடம் மாதிரி?" அங்கம்மா கேட்டாளாம். அய்யாவு சிரிக்கல.

ஒரு மழைக்காலம் போச்சு. சரி, அம்புட்டுத்தான்னு மத்த பொம்பளைக மறந்துட்டாக. ஒய்யம்மா மறக்கல. அப்பத்தான் அந்த மனு மேசையிலிருந்து இறங்குச்சாம். எப்படி இறங்குச்சு? சபையில மனுக்களைப் பாக்க ஒரு கமிட்டி. கமிட்டி சர்க்காருக்கு அனுப்புச்சு: என்ன ஏதுன்னு விசாரி. சர்க்கார் கலெக்டருக்கு அனுப்புச்சு: என்ன ஏதுன்னு விசாரி. கலெக்டர் தாசில்தாருக்கு அனுப்பினாரு: என்ன ஏதுன்னு விசாரி. தாசில்தாரு நெடுங்கம்பட்டி டேசனுக்கு அனுப்பினாரு: என்ன ஏதுன்னு விசாரி. யாரைப் பத்தி மனுவோ, அந்த இன்ஸ்பெட்டரு கையிலயே போயி விழுந்துச்சு மனு.

ஒருநாள் விடிஞ்சதும் ஆம்பளைக டேசன்லயிருந்து ஓட்டமும் நடையுமா வாறாக. வீரணன் முகம் சாம்பலாக் கிடக்கு. வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டான்.

"குருந்தன் பேரை எவடி எழுதிக் கொடுத்தது?"

ஒய்யம்மா குருந்தனை இழுத்து அணைச்சுக்கிட்டா.

"ஏட்டு ஆஜர் எடுக்கிறப்ப சிரிக்கிறான். 'உங்க ஊர்ல எங்களுக்குத் தெரியாத ஆளுகள்லாம் இருக்காகளாம்ல. குருந்தன்ங்கிறவன் யாருடா? மீசை பெருசா?'ன்னு கேக்குறான். இன்னைக்கு உச்சிப்பொழுதுக்கு தாசில்தாரு, இன்ஸ்பெட்டரு எல்லாம் வாறாக. மனுதாரர் ஒவ்வொருத்தனையும் நேர்ல பாத்து, ரேகையை ஒப்பிடணுமாம். ஆளு இல்லேன்னா பொய் மனு. அய்யாவுக்கு ஜெயிலு, மனு குப்பையில. ஆளு இருந்தா..."

"இருந்தா?"

"இருந்தா, 'இப்பவே ரெஜிஸ்தர்ல ஏத்திக்கிடுவோம், மீசை முளைக்கிற வரைக்கும் எதுக்குக் காத்துக்கிடக்கணும்'னு இன்ஸ்பெட்டரு சொல்றாரு." வீரணன் குனிஞ்சு பிள்ளையைப் பாத்தான். "மூத்ததைப் பாம்பு கொண்டுபோச்சு. இதை நீயே கொண்டுபோயிக் கொடுத்துட்டு வந்துட்டியேடி."

ஒய்யம்மா அப்படியே தரையில உக்காந்துட்டா. பயந்து பயந்து வறட்டியில கூடத் தடத்தை அழிச்சவ, பெத்த பிள்ளை தடத்தைத் தானே வச்சுட்டு வந்துருக்கா.

பொம்பளைக எல்லாம் அங்கம்மா வீட்டுல கூடிட்டாக. ஒருத்தி ஓடிப்போவோம்ங்கிறா. எங்க ஓட? ஒருத்தி பிள்ளைக செத்துப்போச்சுன்னு சொல்லுவோம்ங்கிறா. வாயைக் கழுவுடின்னு ஏசுறாக. அங்கம்மா பேசாமப் போயி அரிவாளை எடுத்து அடுப்புக்குள்ள சொருகினா.

"என்ன மதினி பண்ற?"

"ரேகை இருந்தாத்தான் ஒப்பிட முடியும். தோல் வெந்துட்டா ரேகை ஏது? பிள்ளைக விரல்ல ஒரு இழுப்பு. அழும், ஆறிடும். பிறகு காலம் பூரா எவனும் இதுககிட்ட ரேகை கேக்க முடியாது. ஆயுசுக்கும் முத்தத்துல படுக்கிறதுக்கு ஒருநாள் அழுகை மேல்."

யாரும் மறுத்துப் பேசல. அதுதான் பயம். அப்படி ஒரு பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத அளவுக்குப் பயம். அரிவாள் சிவக்குது. உச்சிப்பொழுதும் கிட்ட வருது. மனுவுல முதல் பேரு குருந்தன். அதனால முதல்ல ஒய்யம்மாதான் கொண்டுவரணும்.

கொண்டுவந்தா. குருந்தன் அரிவாளைப் பாத்துச் சிரிச்சானாம். செக்கச் செவேல்னு இருக்குல்ல, பிடிக்கக் கையை நீட்டினானாம். ஒய்யம்மா அவன் மணிக்கட்டைப் பிடிச்சா. அவன் திரும்பி அவ விரலைப் பிடிச்சுக்கிட்டான். பச்சப்பிள்ளைக பிடிக்கிற பிடி தெரியும்ல, விடாது. அவ பெருவிரலைச் சுத்தி அஞ்சு விரலும் இறுக்கியிருக்கு. அரிவாள் கிட்ட வந்துருச்சு. அனல் அடிக்குது.

அவன் பிடியிலிருந்து தன் விரலை உருவிக்கிட்டு, இடது கைப் பெருவிரலை அவளே அரிவாள்ல வச்சுட்டாளாம்.

தோல் தீஞ்ச வாடை. பிள்ளை வீல்னு கத்துது. அவனுக்கு ஒண்ணும் ஆகல, தாய் முகத்தைப் பாத்துக் கத்துறான். ஒய்யம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு, "இவன் பேரு இனிமே என் பேரு. கூப்பிட்டா நான் போறேன்"ன்னா.

அங்கம்மா அரிவாளைப் பாத்தா, தன் மகனைப் பாத்தா. "நல்லாக் காய்ச்சித்தான் வச்சிருக்கேன்"னு சொல்லிக்கிட்டே தன் விரலை வச்சா. பிறகு ஒவ்வொருத்தியா வந்தாக. ஒருத்தி மயங்கி விழுந்தா. தண்ணி தெளிச்சதும் எந்திரிச்சு வந்து வச்சா.

ஊருக்குக் கிழக்க ஒரு செம்மண் மேடு. அங்க நாற்காலி போட்டு தாசில்தாரு உக்காந்தாரு. பக்கத்துல இன்ஸ்பெட்டரு, மைப்பெட்டியோட. ஊரு தள்ளி நிக்குது. அய்யாவுவை ஏற்கெனவே பிடிச்சுக் கொண்டாந்து வெயில்ல உக்கார வச்சிருக்காக. தாசில்தாரு மனுவை விரிச்சாரு.

"மனுதாரர் குருந்தன்!"

தாசில்தாரு தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பாத்தாரு.

"குருந்தன் யாரு? இருக்கானா, இல்லையா?"

ஒய்யம்மா கூட்டத்துலயிருந்து முன்ன வந்தா. சேலைத் தலைப்புக்குள்ள கை.

"நாந்தான் சாமி."

இன்ஸ்பெட்டரு சிரிச்சாரு. "பொம்பளைக்குக் குருந்தன்னு பேரா?"

"எங்க ஊர்ல அப்படித்தான் சாமி."

"உன் மூஞ்சிக்கு மீசை எங்க?"

"மனுவுக்கு மீசை வேணும்னு யாரும் சொல்லலையே சாமி."

தள்ளி நின்ன கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சு வாயைப் பொத்திக்கிட்டாக. இன்ஸ்பெட்டருக்கு முகம் சிவந்துருச்சு. "விரலை நீட்டு. ரேகை வை."

நீட்டினா. கொப்புளம் உடைஞ்சு, தோல் சுருண்டு கிடக்கு. "அடுப்புல சுட்டுக்கிட்டேன் சாமி."

தாசில்தாரு பாத்தாரு. அடுத்த பேரைப் படிச்சாரு. "நாந்தான் சாமி"ன்னு அங்கம்மா வந்தா, நீட்டினா. அடுத்த பேரு. நாந்தான். அடுத்த பேரு. நாந்தான். ஒவ்வொருத்தியா வந்து அந்த மேட்டுல நின்னு, பிள்ளை பேரைத் தன் பேராச் சொல்லி, வெந்த விரலை நீட்டினாகளாம். கடைசியில தாசில்தாரு விரலைப் பாக்குறதை நிறுத்திட்டாரு. தாளை மட்டும் பாத்தாராம்.

இன்ஸ்பெட்டரு குதிக்கிறாரு. "ஐயா, மனுவுல இருக்கிற ரேகையைப் பாருங்க. புளியங்கொட்டை அளவுதான் இருக்கு. இது பச்சப்பிள்ளை விரல். இவளுக ஏமாத்துறாளுக. அப்படியே எழுதுங்க."

தாசில்தாரு மெதுவாக் கேட்டாராம். "என்னன்னு எழுதச் சொல்ற? பால்குடி மறக்காத பிள்ளைக மனுவைப் பட்டணத்துல மெம்பர் எந்திரிச்சு நின்னு கொடுத்தாரு, சபைத் தலைவர் தலையாட்டி வாங்கினாரு, கமிட்டி பாத்துச்சு, சர்க்கார் பாத்துச்சு, கலெக்டர் துரை பாத்தாரு, ஒருத்தருக்கும் தெரியலன்னு நான் எழுதவா? எழுதினா நாளைக்கு என் வேலை இருக்குமா? உன் வேலை இருக்குமா?"

இன்ஸ்பெட்டரு மைப்பெட்டியை மூடிட்டாராம். அன்னைக்குத்தான் அந்த ஊரு ஒண்ணைப் பாத்துச்சு. நாற்காலியில உக்காந்திருக்கிறவருக்கும் அதே பயம். அவருக்கு மேல இருக்கிறவருக்கும் அதேதான் போல.

தாசில்தாரு எழுதினாரு. மனுதாரர் குருந்தன், பெண், ஆஜர். ரேகை ஒப்பிட இயலவில்லை. அடுத்த பேரு, பெண், ஆஜர். எல்லாப் பேருக்கும் நேரா அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. அய்யாவுவை விட்டுட்டாக. வெயில்ல இருந்து எந்திரிக்க முடியாம அவரை ரெண்டு பேரு தூக்கி விட்டாகளாம்.

சட்டம் மாறுச்சான்னு கேட்டா, இல்ல. பட்டணத்துலயிருந்து பதில் வந்துச்சு. மனு கவனிக்கப்பட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லைன்னு. அன்னைக்கும் பொழுது சாய வீரணன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நெடுங்கம்பட்டிக்குத்தான் நடந்தான்.

ஆனா குருந்தனுக்கு மீசை அரும்பினப்ப, வேற ஒரு இன்ஸ்பெட்டரு ஊருக்குள்ள வந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. தலை நரைச்ச ஒய்யம்மா வந்து நின்னா. "நாந்தான்." அவரு போயிக் காகிதத்தைப் புரட்டிப் பாத்தாரு. சர்க்கார் எழுத்துல குருந்தன்ங்கிறது பொம்பளை. தாசில்தாரு கையெழுத்து இருக்கு, கமிட்டி முத்திரை இருக்கு. அந்தக் காகிதம் பொய்னு சொல்ல அவருக்கும் தைரியம் வரல. பொம்பளையை ரெஜிஸ்தர்ல ஏத்த சட்டமும் இல்ல. அந்த மனுவுல பேரு இருந்த பிள்ளைக ஒருத்தனையும் எழுத முடியலயாம். ஊர்ல பாதிப்பேரு டேசன் முத்தத்துல படுத்தாக; அந்தப் பிள்ளைக மட்டும் வீட்டுல படுத்தாக. ராத்திரி யாரு வீட்டுல பாம்புன்னு சத்தம் கேட்டாலும், ஓடிவர அவுக இருந்தாக.

ஒய்யம்மா மட்டும் தூங்கலன்னு சொல்வாக. மகன் வாசல்ல கட்டில் போட்டுக் குறட்டை விடுவான். அவ நெடுங்கம்பட்டிப் பாதையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாளாம். பிறகு அந்தச் சட்டமும் போச்சு, வெள்ளைக்காரனும் போனான். அவ சாகிற வரைக்கும் உக்காந்துதான் இருந்தா. சாகிறப்பவும் அவ பேரு குருந்தன்தான். ஒப்பாரி வச்சவுக அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுதாக.

கிழக்க இருக்கிற செம்மண் மேட்டுக்கு நாந்தான் மேடுன்னு பேரு வந்தது அப்படித்தான். இப்ப அங்க சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. சுள்ளியூரணியில தலைப்பிள்ளைக்கு என்ன பேரு வைக்கிறாகளோ, அன்னையிலிருந்து தாய்க்கும் அதே பேருதான். வெளியாளு வந்து பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளை வாய் திறக்கக் கூடாது. ஊசி போட வந்த புது நர்சம்மா, "கார்த்திக்குமார் யாரு?"ன்னு கேப்பாக. கைப்பிள்ளையைப் பின்னாடி இருக்கிறவகிட்டக் கொடுத்துட்டு, அவன் தாய் மட்டும் முன்ன வந்து, "நாந்தான்"ன்னு நிப்பா. நர்சம்மா சிரிப்பாக. வரிசையில நிக்கிற மத்த பொம்பளைக யாரும் சிரிக்க மாட்டாக.